ஆனி வெயிலில் ஒரு குளிர்கோட்

என் வீட்டு வாசல் கொளுக்கியில் பழுப்பு நிறக் குளிர்கோட் ஒன்று தொங்குகிறது. எனக்கு அளவே இல்லாதது. தோள் சரியும், கை விரல்களை மூடும். "இதை இன்னுமோ வைச்சிருக்கிறாய்?" என்று அம்மா லண்டன் சட்டனில் உள்ள தங்கள் வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் கேட்பார். ஓம், வைத்திருக்கிறேன். அது என் சின்னம்மாவின் கோட். விம்பிள்டனில் ஒரு சலவைக் கடையில் அயர்ன் பண்ணுவது அவருக்கு வேலை. யாரோ கொடுத்துவிட்டு எடுக்க வராமல் போன கோட்டை முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார். இதை அவர் இத்தாலியில், ஆனி மாத வெயிலில், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு ஒரு கச்சேரி முழுக்க இருந்தார். எனக்காக இருந்தார்.

சகுனம் சொல்ல லண்டனில் பல்லி இல்லை என்பது சின்னம்மாவுக்குப் பெரிய குறை. ஞாயிறு மாதா கோயில் பூசை தவறவிடமாட்டார். அதற்காகச் சகுனத்தை விட்டவரும் இல்லை. வெளிக்கிடும் நேரம் யாராவது "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டால் போச்சு. கோட்டைக் கழற்றி, உள்ளே வந்து கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி வெளிக்கிடுவார். இதனால் தவறிய ட்ராம்களுக்குக் கணக்கே இல்லை. நான் "போறன்" என்றால் வாயிலேயே ஒன்று போடுவார். "போட்டு வாறன் எண்டு சொல்லடி, மூதேவி!" பள்ளிக்கூடச் சிநேகிதிகள் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் நான் பாட்டுப் படிக்க இத்தாலிக்குப் போகிறேன் என்று சொல்லி வீடே கொந்தளித்தபோது என் பக்கம் நின்றவர் அவர் ஒருவர்தான். அப்பா கணக்கியல் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "கணக்குப் பார்க்க ஊரெல்லாம் ஆள் இருக்கு அத்தான். உவளை மாதிரிப் பாட ஆர் இருக்கினம்? விடுங்கோ, போகட்டும்" என்றார் சின்னம்மா. அப்பா கணக்கியல் படிவத்தை மடித்து வைத்துவிட்டார்.

சகுனம், சாத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படித்த மனிதர்களின் நாட்டுக்குப் போகிறேன் என்ற நினைப்பில்தான் விமானம் ஏறினேன். சின்ன ஊர், பழைய இசைக் கல்லூரி. முதல் சில வாரங்கள் என்னைப் பாடவே விடவில்லை. பாட்டின் சொற்களைச் சந்தையில் மீன் விலை பேசுவது போலச் சத்தமாகப் பேசச் சொன்னார் ஆசிரியர். "அழகாகப் பாடுகிறாய், ஆனால் யாரிடம் பேசுகிறாய்?" என்பார். அழுதுகொண்டே அறைக்குப் போன நாள்கள் உண்டு. முதல் வகுப்புக் கச்சேரியன்று, நன்றாகப் பாடு என்று யாரும் வாழ்த்தவில்லை. அப்படி வாழ்த்தினால் கெட்டுப்போகுமாம்! "ஓநாயின் வாய்க்குள் போ" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்முடைய "போட்டு வாறன்" இங்கேயும் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கக் கூடாது. இன்னும் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு வைத்திருக்க வேண்டும்.

கல்வி ஆண்டின் இறுதியில் ஊரின் பழைய அரங்கில் பாட வேண்டும். அன்று பாடுவதை வைத்துத்தான் அடுத்த ஆண்டுக்கு இடம் தருவார்கள். இடம் கிடைக்காவிட்டால் சட்டன், கணக்கியல், அப்பாவின் "நான் அப்பவே சொன்னனான்". சின்னம்மா லீவு எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார், அந்த வெயிலில் கோட்டும் கையுமாக. லண்டன் வானத்தை நம்பிப் பழகாதவர் எந்த வானத்தையும் நம்பமாட்டார். பெட்டிக்குள் எனக்கென்று ஒரு பட்டுச் சேலை, நாவல்பழ ஊதா. ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்திருந்தார். அரங்கின் பின்னறையில் வாயில் சேப்டி பின்னைக் கவ்விக்கொண்டு கொசுவம் மடித்து உடுத்திவிட்டார். கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பியானோ வாசிக்க வேண்டிய அம்மையார் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. எட்டி யன்னலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கெட்டது அண்டாமலிருக்க அங்கே இரும்பைத் தொடுவார்களாம். அரங்கத்துக்குள் ஊதா ஆகாது, மேடையிலும் ஆகாது, பார்க்க வந்தவர்கள் உடுப்பிலும் ஆகாது என்றார். அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தால் அரங்குகளை மூடிவிடுவார்களாம். பாதிரியார் அந்த நோன்புக்குரிய ஊதா அங்கி போட்டால் நடிகர் வீட்டில் அடுப்பு எரியாது. "மன்னித்துக்கொள் மகளே, என்னால் வாசிக்க முடியாது" என்று சொல்லி இசைத்தாள்களை மேசையில் வைத்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சேலைக்காக எத்தனை சட்டைகளுக்கு அயர்ன் போட்டிருப்பார் என் சின்னம்மா! இதை எப்படி அவரிடம் சொல்வேன்?

"என்னடி, மனுசி பேயறைஞ்ச மாதிரி நிக்குது?" என்றார் சின்னம்மா. சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "தவக்காலத்தில நாங்கள் மட்டும் கலியாணம் வைக்கிறமே? அந்த மனுசி சொல்லுறது நியாயம்தானே. கெதியாக் கழட்டு" என்றார். அப்படியென்றால் கல்லூரிக் கறுப்புச் சட்டையைப் போடுகிறேன் என்றேன். "கறுப்போ? நல்ல நாளும் அதுவுமா? ஏலாது! நான் செத்தாப் பிறகு போடு" என்று சீறினார். ஊதா பியானோ அம்மையாருக்கு ஆகாது, கறுப்பு சின்னம்மாவுக்கு ஆகாது. நடுவில் நான் பாவாடையோடு நின்றேன். சின்னம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு தான் உடுத்தியிருந்த மாம்பழ மஞ்சள் சேலையை உருவத் தொடங்கினார். அவருடைய தொளதொளத்த சேலைச் சட்டையை என் முதுகில் பின்களால் இறுக்கினார். ஊதாவை அவராவது உடுத்தலாம் என்றால், பார்க்க வந்தவர்களுக்கும் அது ஆகாதே. நான் போட்டு வந்த பழைய டீசேட்டையும் தன் உள்பாவாடையையும் போட்டு, மேலே கோட்டைப் பூட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தார்.

எல்லாரும் விசிறிக்கொண்டிருந்த அரங்கில், வியர்வை வழிய, குளிர்கோட்டோடு ஒருவர். யாரிடம் பேசுகிறாய் என்ற ஆசிரியரின் கேள்விக்கு அன்றுதான் எனக்கு விடை தெரிந்தது. அவரைப் பார்த்தே பாடினேன். இடம் கிடைத்தது. கச்சேரி முடிந்ததும் பியானோ அம்மையார் ஓடிப்போய், வெக்கையில் மயங்கிவிடப் போகிறாரே என்று கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே டீசேட்டையும் பாவாடையையும் கண்டு முதலில் சிரித்தார், பிறகு கட்டிப்பிடித்து அழுதார். அதன் பிறகு யேசு பிறந்த நத்தார் நாள்தோறும் இருவரும் வீடியோவில் பேசுவார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆனால் பேச்சு மட்டும் முடியவே முடியாது.

போன தவக்காலத்தில், "போட்டு வாறன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தூக்கத்திலேயே சின்னம்மா போய்விட்டார். அவருக்கு வெள்ளைச் சேலை உடுத்துவோம் என்றார் அம்மா. நான் ஊதாவை எடுத்துக் கொடுத்தேன். ஒருவரும் ஒருநாளும் உடுத்தி வெளியே போகாத சேலை. செய்தி கேட்டுப் பியானோ அம்மையார் மெல்லிய சட்டையோடு வந்து இறங்கினார். கோயிலுக்குள் குளிர் தாங்காமல் நடுங்கியவருக்குச் சின்னம்மாவின் கோட்டைப் போட்டுவிட்டேன். சவப்பெட்டியில் ஊதாவைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சுவரோரத்து ஹீற்றரின் இரும்பை ஒரு முறை தொட்டார். பிறகு போய்க் கோயில் ஓர்கன் முன் இருந்து வாசித்தார். நான் பாடினேன். முன்னால் இந்த முறை சின்னம்மா ஊதாச் சேலையில் இருந்தார்.

நேற்று மாலை ஒரு கச்சேரிக்குப் பாடப் போக இந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "எங்கை போறாய்?" என்று என் கணவர் உள்ளிருந்து கேட்டார். நேரம் போய்விட்டிருந்தது. ஆனாலும் கோட்டைக் கழற்றிக் கொளுக்கியில் போட்டுவிட்டு, உள்ளே வந்து கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். திரும்பவும் அதை மாட்டியபோது "போட்டு வாறன்" என்றேன். "ஓம், ஓம்" என்றார் கணவர். நான் அவருக்குச் சொல்லவில்லை.