வாளியக்காவின் வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் கையுமாக அவள் வெளியே வந்தால் தெருவில் யாருக்காவது வாய் சும்மா இருக்காது. "என்ன வாளியக்கா, இன்னிக்கு மாப்பிள்ளைக்குத் தலைக்குக் குளியலா, இல்ல உடம்புக்கு மட்டுந்தானா?" என்பார்கள். மாப்பிள்ளை என்பது கார். வீட்டை ஒட்டின தகரக் கொட்டகையில் வருஷக்கணக்காக அசையாமல் நின்ற கார். ஓடாத வண்டியை வாரம் தவறாமல் குளிப்பாட்டுகிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவளுக்கு வேலையே துவைப்பதுதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில் இருந்தாள். ரத்தம், சீழ், மருந்து, எது ஒட்டின விரிப்பாக இருந்தாலும் அவள் கைக்கு வந்தால் வெள்ளையாகத்தான் வெளியே போகும். ப்ளீச்சிங் பவுடர் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ஒரு பொருளை நன்றாக வைத்துக்கொள்வது என்றால் கழுவி வைத்துக்கொள்வது. அதற்கு மேல் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கார் அவள் வீட்டுக்காரருடையது. வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சவாரி குறைந்துபோய், எங்கோ தொலைவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலைக்குப் போனார். கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். அப்போது பெயிண்ட் வழிந்த அவர் சட்டையை வெளுக்க அவள் படாத பாடு பட்டாள். வாழ்க்கையில் அவள் தோற்றது அந்த ஒரு கறையிடம்தான். மறுநாள் சாவியை அவள் கையில் வைத்து, "வண்டிய நல்லா பாத்துக்கோ. திரும்பி வந்து இதத்தான் ஓட்டுவேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொன்னாரா, மகராசன்? சொல்லவில்லை.

அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கதவு நாலையும் திறந்து வைத்து, மேலே, உள்ளே, சீட்டு, கால் வைக்கிற இடம் என்று ஒன்று விடாமல் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். அப்புறம் தூசி அடையக் கூடாதே என்று ஈரம் காய்வதற்குள் தார்ப்பாயை இழுத்து மூடினாள். லீவுக்கு வந்தால் அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, "பரவாயில்லையே, புதுசு மாதிரி இருக்கு" என்பார். வந்த காலோடு கிளம்பியும் போய்விடுவார். அந்த ஒரு சொல் அடுத்த லீவு வரைக்கும் அவளுக்குப் போதும்.

கடைசியில் ஒரேயடியாகத்தான் வந்தார், நெஞ்சில் சளியோடு. குளிரில் கிடந்த உடம்பு மூட்டை தூக்க ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல ஒரு பேச்சில்லை. கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மனுஷன் இப்படி உட்கார்ந்தே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று அவள் பயந்தாள். வண்டி ஓடினால் எழுந்துவிடுவார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தானே போய் மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள்.

மெக்கானிக் தார்ப்பாயை விலக்கிவிட்டு, "என்னக்கா, ஷோரூம்ல இருந்து நேத்துதான் எடுத்த மாதிரி வச்சிருக்கீங்க" என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கெட்டுப்போன பெட்ரோலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினான். வண்டி இருமியது, செருமியது, அடம்பிடித்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்து வந்தார். வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்த மனுஷன், பெயிண்ட் கறை பட்ட அந்தப் பழைய சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். பானெட்டில் கையை வைத்து, "இவளுக்கு ஒண்ணும் ஆகலடி" என்று சிரித்தார். இத்தனை மாதத்தில் முதல் சிரிப்பு. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இறுகிப்போன பிரேக்க மட்டும் பாத்துட்டா போதும்" என்று எஞ்சினை ஓடவிட்டபடியே மெக்கானிக் ஜாக்கியை வைத்துத் தூக்கினான். வண்டி மேலே வரவில்லை. மொறுமொறுவென்று நொறுங்கி, ஜாக்கியின் தலை வண்டிக்குள்ளே போயிற்று. அவன் பதறிப்போய்க் கதவைத் திறந்து காலடி விரிப்பை இழுத்தான். விரிப்போடு தரையும் பொடிப்பொடியாக வந்தது. ஓட்டை வழியாகக் கொட்டகையின் மண் தெரிந்தது.

"அண்ணே, மேல பாக்கத்தான் வண்டி. கீழ ஒண்ணுமே இல்ல."

"வெட்டிட்டுப் புதுத் தகடு ஒட்ட முடியாதாப்பா?"

"ஒட்டறதுக்கு நல்ல இரும்பு கொஞ்சமாவது இருக்கணுமேண்ணே. சட்டமே போச்சு. ஆள ஏத்தினா நடுரோட்டுல ரெண்டா பிரிஞ்சிடும்." அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். "மழ படாத ஷெட்டு. இவ்வளவு தண்ணி எங்கேருந்து வந்துச்சு? அக்கா, நீங்க உள்ளயும் தண்ணி ஊத்தித்தான் கழுவுவீங்களா?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் குறுக்கே வந்தார்.

"அட, அவ என்னப்பா பண்ணுவா? நான் போகும்போதே அடியெல்லாம் துருதான். ஒரு பெயிண்ட் அடிச்சிருக்கணும், சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன்."

சொன்னவரின் சட்டையில், விலாப் பக்கம் முழுக்க, அந்தக் கறுப்புக் கறை இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பாள். பாவி மனுஷன், அதற்கும் வழி வைக்கவில்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே, "ஆஃப் பண்ணிடுப்பா, பெட்ரோலாவது மிஞ்சட்டும்" என்றுவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே வரவில்லை. அடுப்படியில் துலக்கின பாத்திரத்தையே திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறின பிறகு ஜன்னலோரத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"என்ன, இன்னிக்கு வண்டி கழுவலயா?"

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதோ போறேங்க" என்றாள்.

வாளியை எடுக்கவில்லை. கொடியில் காய்ந்து விறைத்துக் கிடந்த துணி ஒன்றை உருவிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.