அம்பு வாங்கப் போன கந்தசட்டி

மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒக்டோபர் பிறந்தால் சாப்பாட்டு மேசையில் அம்பு முளைக்கும். பக்கத்து இருக்கை ரேஜான் சூப்பை ஆறவிட்டு, ஒரு கறுப்பு அம்பின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல வளைத்துக் காதோரம் வைத்துக் கேட்பான். அம்புக்கும் நாடி பார்ப்பாயா என்று விசாரித்தேன். "காபன் அம்பு. உள்ளே கீறல் இருந்தால் நெறுநெறுவென்று சத்தம் கேட்கும். கவனிக்காமல் எய்தால் உடைந்து கைக்குள் ஏறிவிடும்" என்றான். கோடை முழுக்க அவனிடம் இரவல் வாங்கிய வில்லாலும் அம்புகளாலும் வைக்கோல் பொதிக்கு எய்து பழகியவன் நான். ஒன்றையாவது காதில் வைத்ததில்லை. அந்த அதிர்ச்சியில் இருந்தபோதுதான், சனிக்கிழமை மான் வேட்டைக்கு வருகிறாயா என்று கேட்டான். பிரெஞ்சில் ஆம் என்பதற்கு "வீ" என்று தலையாட்டிவிட்டேன். இத்தனை வருட மொன்றியல் வாழ்க்கையில் இந்த ஊர்க்காரன் ஒருவன் வேலைக்கு வெளியே என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சொந்த அம்பு வாங்கக் கடைக்குப் போனேன். "எது குறைவாக நோகும்?" என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். அவள் நெஞ்சில் கைவைத்து, "நல்ல மனசு உங்களுக்கு. சரியான இடத்தில் பட்டால் மானுக்கு ஒன்றுமே தெரியாது" என்றாள். நான் கேட்டது என் கையைப் பற்றி என்று சொல்ல வெட்கமாகிவிட்டது. பிறகு அவளே விளக்கினாள்: காபன் இலேசானது, வேகமானது, வளைந்தே கிடக்காது. ஒன்றில் நேராக இருக்கும், அல்லது உடையும். அலுமினியம் பாரம், எளிதில் நெளியும். ஆனால் மேசையில் உருட்டினால் நெளிவு கண்ணுக்குத் தெரியும். அதைக் கேட்டதும் மனம் யாழ்ப்பாணத்துக்கு ஓடிவிட்டது. சண்டைக்குள் இடம்பெயர்வதற்கு முன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சில்லைச் சுழற்றி நெளிவு பார்ப்போம். நெளிந்திருந்தாலும் அதிலேயேதான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனோம். பழுதை ஒளிக்காத சாமான்களோடுதான் எனக்குப் பழக்கம். அலுமினியத்தையே வாங்கினேன்.

மொன்றியலின் வில்லரே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்புகளை உருட்டிக்கொண்டிருந்தபோது மனைவி சுவர் நாட்காட்டியைத் தட்டிக் காட்டினாள். நான் "வீ" சொன்ன சனிக்கிழமை கந்தசட்டி விரதத்துக்குள் விழுந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, சட்டி விரதம் பிடிச்சுக்கொண்டு மான் கொல்லப் போறியளே?"

"முருகனே வேடுவர் வீட்டு மருமகன்தானேயப்பா."

"அவர் பொம்பிளை எடுக்கப் போனவர். நீங்கள் என்னத்துக்குப் போறியள்?"

அம்பை இன்னொரு முறை உருட்டினேன். போகாவிட்டால் ரேஜான் இனிக் கூப்பிடமாட்டான். போய்க் கொன்றால் விரதம் முடிகிற சூரன்போரன்று கோயிலில் எந்த முகத்தோடு நிற்பது?

போனேன். சோள வயலோரத்தில், துணிக்கூடாரம் ஒன்றுக்குள் இருவரும் ஒடுங்கியிருந்தோம். ரேஜான் பன்றியிறைச்சி சான்ட்விச்சை நீட்டினான். இன்று சாப்பிடமாட்டேன் என்றேன். அவன் கண்கள் விரிந்தன. "மான் மணம் பிடிக்காமல் இருக்கத்தானே? உங்கள் நாட்டு வேட்டைக்காரர்களின் முறையா?" என் நாட்டில் நான் துரத்திய மிகப் பெரிய மிருகம் அயல் வீட்டு ஆடு, அதுவும் திரும்பி முட்டியது. அவன் மரியாதையைக் கெடுக்க மனமில்லாமல் மெல்லச் சிரித்தேன். தானும் சான்ட்விச்சைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டான்.

மான் வந்தது. நாணை இழுத்தேன். அம்பு சரிந்து வில்லின் இரும்பில் பட்டு "ணங்" என்றது. மான் தலை தூக்கி ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தது. அம்பு தானாகச் சரிந்ததா, நான் சரிய விட்டேனா என்று எனக்கே தெரியாது.

ரேஜான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். "அலுமினியம்! கோயில் மணி மாதிரி! அடுத்த வருடம் காபன் வாங்கு, மொன் அமி."

மொன் அமி, என் நண்பன், என்கிறான். அடுத்த வருடமும் கூப்பிடுவான். நாணை மெல்லத் தளர்த்தினேன். மான் வயலின் விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்தது. முன்கால்கள் காட்டுக்குள், பின்கால்கள் சோளத் தட்டைகளுக்குள். எனக்கு நல்ல பசி.