வாசல் விளக்கு

கேட்டி என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம். ஒரு ஷிஃப்டில் பதினாறு பேரைப் பார்த்துக்கொள்ள ஹபீஸா ஒருத்திதான். பெல் அடித்தால் அறை வாசலில் விளக்கு எரியும். அணைக்கும்வரை கம்ப்யூட்டர் நிமிடங்களை எண்ணும். மற்ற ஷிஃப்டுகளில் வருபவர்கள் முதலில் விளக்கை அணைத்துவிட்டு, "இதோ வர்றேன்" என்று போய்விடுவார்கள். கம்ப்யூட்டருக்கு மூக்கா இருக்கிறது? ஹபீஸா உடம்பைத் துடைத்து, துணி மாற்றிய பிறகுதான் அணைப்பாள். அதனால் ஆறு வருடமாக ரிப்போர்ட்டில் அவள்தான் கடைசி.

நேற்று மேனேஜர் மகிழன் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, உள்ள போனதும் லைட்டை ஆஃப் பண்ணிடுங்க. சிம்பிள்."

"லைட் ஆஃப் ஆயிடும் தம்பி. நனைஞ்ச பெட்ஷீட் காஞ்சிடுமா?"

மகிழன் அதையே அரை மணி நேரம் விளக்கினான். வெளியே பன்னிரண்டாம் அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அரை மணியும் ஹபீஸா பேரில்தான் ஏறியது.