பச்சைக் கேட் வீட்டுக் குசினி

போன வாரம் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். இளைஞர்தான். வந்ததும் கூரையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது என் வீட்டு நம்பரை! கைப்பேசியில் அதைப் படம் எடுத்தார். சாலைப் பெயர்ப் பலகையைப் படம் எடுத்தார். பிறகு என்னையும் கேட்டருகே நிற்கச் சொல்லி ஒரு படம்.

"எதுக்குத் தம்பி?"

"நாளைக்குப் பிரச்சினை வரக்கூடாது லா அங்கிள்."

என் மனைவி சிரித்துவிட்டாள். அவளுடைய அண்ணன் முனுசாமிக்கு அந்த நாளில் இந்தப் புத்தி இருந்திருந்தால்… சரி, கதையை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் ஒரு லாயரிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். என் மச்சான் முனுசாமி சின்ன கான்ட்ராக்டர். சுங்கை சிப்புட் பக்கம் அவர் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தை உரிமையாளர்கள் துண்டு போட்டு விற்றபோது, அங்கே பால்மரம் சீவிக்கொண்டிருந்த சிலரைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தவர். வந்து எல்லோருமாகச் சிமெண்டு குழைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

முழு வீடு கட்ட அவரிடம் வசதி இல்லை. கட்டிய வீட்டை நீட்டிக் கொடுப்பார். அந்தக் காலத்தில் ஈப்போவைச் சுற்றித் தாமான் தாமானாகப் புதுக் குடியிருப்புகளும் அவற்றில் வரிசை வீடுகளும் முளைத்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் சமைக்கத் தீப்பெட்டி மாதிரி ஒரு குசினி. மச்சானுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அப்படித்தான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர் தன் குசினியைப் பெரிதாக்கச் சொன்னார். நகராட்சிக் கவுன்சிலில் பிளான் எல்லாம் பாஸாகிவிட்டது. "நான் வேலைக்குப் போயிருவேன். அம்மா வீட்ல இருப்பாங்க. பச்சைக் கேட்டு, முன்னால செம்பருத்தி" என்று அடையாளமும் சொல்லியிருந்தார். மழையில் ஒரு முறை போய் அளந்துவிட்டு வந்ததோடு சரி, வேலை தொடங்கும் நாள்வரை மச்சான் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை.

அங்கேதான் சனி பிடித்தது. அந்தத் தாமானில் எல்லாக் கேட்டுக்கும் ஒரே பச்சைதான் அடித்திருந்தார்கள். செம்பருத்தியோ இந்த நாட்டுத் தேசிய மலர் – அது இல்லாத வீட்டை எங்கே தேடுவது?

வேலை தொடங்கும் நாள் காலையில் மச்சானின் லோரி ஒரு பச்சைக் கேட் முன்னால் போய் நின்றது. வயதான ஓர் அம்மாள் வெளியே வந்தார்.

"அம்மா, குசினிச் சுவர உடைக்க வந்திருக்கோம். உடைச்சிரலாமா?"

அந்த அம்மாள் மச்சானைப் பார்த்தார். லோரியைப் பார்த்தார். லோரியில் இருந்த சம்மட்டியைப் பார்த்தார்.

"உள்ள வாங்கோ தம்பி" என்று கேட்டைத் திறந்தார்.

அடுப்பு, சட்டி பானை எல்லாவற்றையும் அவரே ஹாலுக்கு எடுத்து வைத்தார். எல்லோருக்கும் இஞ்சி போட்ட தேநீர் வந்தது. ஜன்னல் எங்கே வர வேண்டும், சிங்க் எங்கே வர வேண்டும் என்று விரலால் காட்டினார். மத்தியானத்துக்குள் பின்சுவர் தரையில் கிடந்தது. அடுத்தடுத்த நாள்களில் புதுச் சுவர் ஏறத் தொடங்கிவிட்டது. இவ்வளவு நல்ல கஸ்டமரை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று மச்சான் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் புகழ்ந்துகொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் காப்பிக் கடையில் ஆஸ்பத்திரிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணே, எப்பதான் வேலைய ஆரம்பிப்பீங்க?"

"ஆரம்பிக்கறதா? சுவரு இடுப்பு உசரம் வந்திருச்சே."

"யாரு வீட்டு சுவரு?"

மச்சான் காப்பியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அவர் போய்ச் சேர்ந்த நேரம், பச்சைக் கேட்டில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கருவாட்டுப் பொட்டலம். அந்த அம்மாளின் கணவர், பெயர் கனகசபை. ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். பழைய நண்பர்களோடு கடலோர லூமுட்டுக்குச் சில நாள்கள் மீன் பிடிக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திறங்கியிருந்தார். முன்வாசலில் நின்றபடியே வீட்டுக்குள் பார்த்தால், பின்னால் வானம் தெரிந்தது.

லாயர் வைத்தால் செலவு என்று அவரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். அத்துமீறல், சொத்து நாசம், மன உளைச்சல் – ஒன்றையும் விடவில்லை. பழைய சுவர் பழையபடியே வர வேண்டும், நஷ்ட ஈடு வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ், கோர்ட்டு.

மச்சான் அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். "மாப்ள, உள்ள தூக்கிப் போட்டுருவாங்களா? இவனுங்கள தோட்டத்துல இருந்து நாந்தான கூட்டிக்கிட்டு வந்தேன். திரும்பிப் போலாம்னாலும் இப்ப தோட்டம் இல்லியே."

என் முதலாளி முழுதும் கேட்டார். "தெரியாம உடைச்சாலும் உடைச்சதுதான். தப்பான வீடுன்னா சட்டம் உங்க பக்கம் இல்ல" என்றார். "ஆனா வீட்டுக்காரம்மாவே தெறந்து விட்டு, இங்க கட்டு, அங்க கட்டுன்னு சொல்லியிருந்தா கதை வேற. அவங்க என்ன சொல்றாங்களோ, அதுதான் கேஸு."

கோர்ட்டுக்குப் போகுமுன் பேசிப் பார்க்கலாம் என்று கனகசபையை வரவழைத்தோம். வந்தார். கோட்டு, டை, கூடவே மனைவி. "இவதான் என்ரை சாட்சி" என்றார் வாசலிலேயே. அந்த அம்மாளின் பெயர் அன்னலட்சுமி. மச்சானைப் பார்த்ததும், "சாப்பிட்டனீங்களோ தம்பி?" என்று கேட்டார். கனகசபை தொண்டையைக் கனைத்தார்.

லாயர் முதலில் கவுன்சில் விஷயத்தை எடுத்தார். "ஐயா, பிளான் இல்லாத கட்டடம் இப்ப உங்க வீட்ல நிக்குது. நோட்டீஸ் வந்தா உங்க பேர்லதான் வரும்."

"நான் கட்டயில்லையே. நான் லூமுட்டில மீன் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அத நீங்க கவுன்சில்ல சொல்லணும்."

கனகசபை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். லாயர் அம்மாள் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர்தான் இந்த வேலைக்கு ஏற்பாடு பண்ணிட்டுப் போனார்னு நெனச்சுத்தானே கேட்டைத் தெறந்தீங்க?"

அதற்கு 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோருக்கும் மரியாதையாக முடிந்துவிடும். அந்த அம்மாள் சொல்லவில்லை.

"இல்லை. பிழையான வீட்டுக்கு வந்திட்டினம் எண்டு அப்பவே விளங்கினது. இவர் எனக்குச் சொல்லாமல் குசினி கட்டுற ஆள் இல்லை. நான் சொல்லியும் கட்டாத ஆள்."

"நீர் என்ன கதைக்கிறீர்?" என்றார் கனகசபை.

"உண்மையைத்தான். ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒவ்வொண்டிலயும் ஒராள் நிண்டால் மற்றாள் நிக்கேலாத குசினியில சமைச்சனான். சொந்த வீடு வரட்டும் எண்டியள். வந்தது. அதிலயும் அதே குசினி. அண்டைக்கு இந்தத் தம்பி வந்து, சுவரை உடைக்கட்டே எண்டு என்னட்டைக் கேட்டார். என்ரை வீட்டில என்னட்டை அப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு வேண்டாம் எண்டு சொல்ல வாய் வரயில்லை."

பிறகு லாயரைப் பார்த்து, "இந்தத் தம்பியில ஒரு பிழையும் இல்லை. கோர்ட்டில கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன்" என்றார்.

கனகசபை தன் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார் – இத்தனை காலம் ஓடிய ரயிலில் ஒரு பெட்டியைத் தான் பார்க்காமலே இருந்துவிட்டது போல. எனக்கு அவர்மீது இரக்கமாகக்கூட இருந்தது. கடைசியில் மச்சான் பக்கம் திரும்பினார்.

"ஜன்னல் எந்தப் பக்கம் வருது?"

"அம்மா சொன்ன பக்கம்தான் லா ஐயா."

"அந்தப் பக்கம் பின்னேர வெயில் அடிக்கும்."

"அடிக்கட்டும்" என்றார் அன்னலட்சுமி.

அவ்வளவுதான் கேஸ். சாமான் செலவு கனகசபையுடையது, கூலி மச்சானுடைய நஷ்டம் என்று முடிவானது. ஒரு பிளான் வரைந்து கவுன்சிலுக்குக் கொடுத்து, அபராதமும் கட்டி, கட்டடத்துக்கு அனுமதி வாங்கினோம். ஆஸ்பத்திரிக்காரருக்கும் கொஞ்சம் முணுமுணுப்போடு குசினி கிடைத்தது.

அதன் பிறகு மச்சானுக்காக ஓர் ஒப்பந்தப் படிவம் தயாரிக்கச் சொன்னார் லாயர். "வேலை கொடுக்கறவங்க கையெழுத்து ஒண்ணு போதும்னு சட்டம் சொல்லும். குசினின்னா ரெண்டா வாங்கிக்கோங்க" என்றார். மச்சான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கணவனும் மனைவியும் சேர்ந்து அவர் முன்னால் நின்று கையெழுத்துப் போடாமல் சம்மட்டியைத் தூக்கமாட்டார்.

இதனால் கைநழுவிய வேலைகள் கொஞ்சமா? கோலா கங்சாரில் ஒரு வீட்டுக்காரர் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "இருங்க, அவளைக் கூப்பிடுறேன்" என்று உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே பேச்சுச் சத்தம் கூடிக்கொண்டே போனது. மச்சான் பொறுத்துப் பார்த்துவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கே திரும்பிவிட்டார்.

எனக்குத் தெரிந்து, அந்த மனிதர் இன்னும் வெளியே வரவில்லை.