ஏழாயிரம்பண்ணைக்குப் போய் உறை மாற்றிய கதை

இந்த வருடம், 2007 ஆவணியில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு ஏழாயிரம்பண்ணைக்குப் போய்வந்தேன். மனைவி இறந்தபிறகு நான் எங்கும் போகவில்லை. சென்னையில் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுவதும் தூங்குவதுமாக இருந்தேன். மச்சினன் கருப்பசாமிதான் விடாமல் கூப்பிட்டான். அவனும் அவன் மனைவி முத்துமாரியும் பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ரோட்டோரம் இருந்த தங்கள் புஞ்சைக் காட்டில் சாப்பாட்டுக் கடை போடுகிறார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று கொடுத்தால்தான் திறக்கலாம். தீபாவளி சீசனுக்குள் திறக்காவிட்டால் இருவரும் மறுபடி பட்டாசு மருந்து அள்ளப் போக வேண்டியதுதான்.

இரவு ரயிலில் ஏறினால் காலையில் விருதுநகர். மிளகாய் வற்றல் நெடிக்குத் தும்மிக்கொண்டே பஸ் ஏறினேன். சிவகாசிக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய். அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் குறைவு. கேட்டால் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற்றிக்கொள்வார்கள்.

"சிரிச்ச மூஞ்சியா இருந்தா முன்சீட்டு சார், இல்லாட்டி பின்னாடிதான்" என்றார் டிரைவர். பின்னால் போய் உட்கார்ந்தேன்.

இறங்கியதும் கருப்பசாமி ஓடிவந்தான். "வாங்க அத்தான்! நீங்க சொன்ன எடத்துலயே உறை எறக்கியாச்சு. அம்புட்டும் கல்கண்டுத் தண்ணி!"

கழிவறைக் குழியில் கல்கண்டுத் தண்ணீரா?

விஷயம் இதுதான். இந்தப் பக்கம் கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் ஒரே மாதிரி சிமெண்ட் வளையம்தான் இறக்குகிறார்கள். இரண்டுக்குமே பெயர் உறை. "உறை எங்கன எறக்க?" என்று அவன் போனில் கேட்டது கிணற்றுக்கு. நான் கழிவறையை நினைத்துக்கொண்டு, "அடுப்படிக்கு ஐம்பதடி தள்ளி, பள்ளத்துப் பக்கம்" என்று சொல்லியிருக்கிறேன். அங்கே கிணறு தோண்டிவிட்டான். மிச்சம் இருந்த இடம் என்று கழிவறைக் குழி, மேட்டில், அடுப்படிச் சுவரை ஒட்டி வந்துவிட்டது. மேட்டுக் குழியில் ஊறுவது பள்ளத்துக் கிணற்றைத்தான் தேடிப்போகும்.

"நானும் கேட்டேன் அண்ணே" என்றாள் முத்துமாரி. "தண்ணிக்கு ஐம்பதடி நடக்கணும், அதுக்கு மட்டும் நாலடியான்னு. எஞ்சினியர் சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு இவுக சொல்லிட்டாக."

மறுநாள் காலை ஆய்வாளர் வருகிறார். நல்லவேளை, குழியை இன்னும் யாரும் பயன்படுத்தவில்லை. கிணற்றையும் தாண்டி, இன்னும் தாழ்ந்த மூலையில் கோடு போட்டேன். இருவர் அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். ஆனால் பழைய குழியிலிருந்து மூன்று உறைகளை மேலே ஏற்ற வேண்டுமே.

சாயங்காலம் வேலை விட்டு ஆட்களோடு வந்த அதே வேனை முத்துமாரி கைகாட்டி நிறுத்தினாள். விஷயம் கேட்டு வண்டியே சிரித்தது. வெள்ளி மருந்து ஒட்டிய கைகளோடு எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள்.

"ஏலே, தேர் வடம் மாதிரி இழுங்கலே!"

"கக்கூசு தேருக்கு இம்புட்டுக் கூட்டமா!"

"எஞ்சினியரு மாப்ளயும் பிடிக்கட்டும். எந்த உறைன்னு கேட்டுட்டுப் பிடிங்க மாப்ள!"

நானும் பிடித்தேன். கடைசி உறை சட்டென்று மேலே வந்ததில் பத்துப் பேரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். அடியில் நான். எல்லோரும் எழுந்தபிறகும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் கிடந்திருக்கிறேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "இனிமே முன்சீட்டு சார்" என்றார்.

பழைய குழியை மூடி, உறைகளை உருட்டிப் போய் இறக்கி முடிக்க இருட்டிவிட்டது.

காலையில் ஆய்வாளர் டேப் பிடித்தார். கிணற்றிலிருந்து குழிக்கு ஐம்பத்தாறு அடி. கிணற்று மூடி, அடுப்படிச் சாக்கடை, புகைக்கூண்டு எல்லாம் பார்த்துவிட்டு, பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டார். "நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டார். "எங்க அண்ணன்" என்றாள் முத்துமாரி.

கிராமத்தில் கடை கட்ட நினைப்பவர்களுக்கு: முதலில் நிலத்தின் சரிவைப் பாருங்கள். கிணறு மேட்டில், கழிவறை பள்ளத்தில், நடுவே ஐம்பதடியாவது இருக்கட்டும். உங்கள் ஊர் விதியைச் சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டே தோண்டுங்கள். தண்ணீரைப் பரிசோதிக்காமல் உலை வைக்காதீர்கள். போனில் இடம் சொல்லாதீர்கள், நேரில் போங்கள்.

நேற்று கருப்பசாமி கூப்பிட்டான். தண்ணீர் நல்ல தண்ணீராம், சான்று வந்துவிட்டதாம். "வெள்ளிக்கிழமை அடுப்புப் பத்தவைக்கணும். நீங்க வராம தீப்பெட்டியத் தொடமாட்டேன்னு உங்க தங்கச்சி ஒரே பிடியா நிக்கிறா அத்தான்."

வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.