சாமிநாதன் அண்ணன் தொடாத மெஷின்

என் அண்ணன் சாமிநாதன் பாச்சாங் ஊரில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். அப்பா இறந்தபின் தோட்டத்து வீட்டைக் காலிசெய்து எங்களை டவுனுக்கு அழைத்துவந்தவர் அவர்தான். காலையில் வீட்டுக்கெல்லாம் காப்பி போடுவதும் அவரே. மசாலா அரைக்கும் பிளெண்டரிலேயே காப்பிக்கொட்டையையும் அரைப்பார். அதன் கத்தி பாதியை மாவாக்கும், பாதியைக் குறுணையாக விட்டுவிடும். மாவு கசக்கும்; குறுணையில் சாறு இறங்காது. குடித்தால் கசப்பும் தண்ணீரும்தான்.

வேலைக்குச் சேர்ந்ததும் நான் கையால் சுற்றி அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். தூள் ஒரே அளவாக விழுந்தது. அந்தக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணன், “நல்லாத்தான் இருக்குலா,” என்றார். அன்றிலிருந்து எனக்கு மட்டும் அதில் அரைத்துப் போட்டுக் கொடுத்தார்.

பாசார் சந்தையில் விற்கும் காப்பிக்கொட்டை சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. மெஷினின் பற்களில் பிசினாக ஒட்டிக்கொள்ளும், அதைப் போடாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

தீபாவளிக்கு என் ஆபீஸ் நண்பர்கள் வந்தார்கள். அண்ணன் அவர்களுக்காக அரைக்க உட்கார்ந்தார். மெஷின் சுற்றவில்லை. பலமாகத் திருப்பியதில் கைப்பிடி முறிந்தது.

“பாசார்ல வாங்குனதப் போட்டீங்களாண்ணே? இதையும் ஃபோர்க்லிஃப்டுன்னு நெனச்சிட்டீங்களா?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவர்கள் போனபின் மெஷினைப் பிரித்தேன். மேலே இருந்தது நான் வாங்கிய நல்ல காப்பிக்கொட்டை. அடியில், பற்களுக்கிடையே, கறுப்புப் பிசின். முந்தின நாள் ருசி வித்தியாசம் பார்க்க பாசார் சரக்கை ஒரு கை போட்டு அரைத்தவள் நான். துடைக்காமல் வைத்தவளும் நான். சுத்தம் செய்து, புதுக் கைப்பிடி மாட்டினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அதன்பின் மூன்று வருடம் அவர் அந்த மெஷினைத் தொடவே இல்லை. போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

இன்று கருமாதி. அவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைக்க வேண்டும். சுசீலா அண்ணி அடுப்படிக்கு வந்தார்.

“பவானி, உன் மெஷின்ல அரைச்சுக் காப்பி போடும்மா. அந்த ருசியத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் தொட்டா அவரு கெடுத்த மாதிரி கெடுத்துருவேன்.”

“அண்ணே கெடுக்கல, அண்ணி. நான்தான் கெடுத்தேன்.”

நடந்ததைச் சொன்னேன்.

“இத அவருகிட்ட சொல்லியிருக்கலாம்லா,” என்றார் அண்ணி.

பிறகு வாசலில் நின்ற மணியம் மாமாவைக் கூப்பிட்டு, கடையிலிருந்து ஒரு காப்பி வாங்கிவரச் சொன்னார். படையலில் அதைத்தான் வைத்தார்கள்.