ஜூன் மாதத்து வீடு

போன வாரம் உதியன்குளங்கரை ஜங்ஷனில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் பைக்கை ஓரங்கட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார். வாசகசாலை காலண்டருக்குப் படம் எடுத்த டீச்சர் நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் தனுவச்சபுரம் என்ன பாவம் செய்தது, பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதம்கூடவா எங்களுக்குக் கிடையாது என்று பிடித்துக்கொண்டார். என் பஸ் வந்தது, போனது. அவர் விடுவதாக இல்லை.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை!

பின்னே? நம் ஊரைப் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள்தானே எல்லோரும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவேன் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதுதான் பழக்கம். பாறசாலையில் ஒரு சந்து, நெய்யாற்றின்கரையில் ஒரு படித்துறை, பெருங்கடவிளை சந்தையில் வாழைக்குலை இறக்குகிற லாரி... கேமராவைப் பார்த்ததும் முதல் கேள்வி, ரோடு அகலப்படுத்தவா? இல்லை என்றதும் இரண்டாவது கேள்வி, அப்புறம் எதுக்கு? மூணாறுக்குப் போகலாமே!

போகலாம்தான். ஆனால் ஒரே கொடியில் ரப்பர் ஷீட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் காய்வதை மூணாறில் யார் காட்டுவார்கள்? ஒரே கடைப் பலகையில் தமிழும் மலையாளமும் — இரண்டிலும் எழுத்துப்பிழை — இந்த எல்லைப் பக்கம் தவிர வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

எங்கள் ஊர் வாசகசாலை வருடா வருடம் ஒரு காலண்டர் போடும். அதில் பனிமலை இருக்கும், எந்த நாட்டிலோ ஓடுகிற குதிரை இருக்கும். போன வருடம் நான் செயலாளர் ராஜன் சாரிடம் போய், இந்தத் தடவை பன்னிரண்டு மாதமும் நம் ஊர்ப் படமே போடலாம், நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். சார் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யோசித்துத்தான் பேசுவார். தினமும் பார்க்கிற ஊரை யார் சுவரிலும் மாட்டுவார்கள் என்று தயங்கினார். கடைசியில் சரி என்றார்.

ஜூன் மாதத்துக்குக் கடல் வேண்டும் என்று நினைத்தேன். மழைக்காலம் அல்லவா? பொழியூருக்குப் பஸ் ஏறினேன். சாயங்கால வெயில், கரையில் வள்ளம், தூரத்தில் மேகம். எல்லாம் நன்றாக அமைந்திருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கடலத்தான் எல்லாரும் எடுக்கியாவ. எனக்க வீட்டுக்கு முதுகு காட்டிட்டு நிண்ணாக்கும் எடுக்கியது. நீயாவது ஒண்ணு திரும்பி நில்லு மக்கா."

திரும்பினேன். கருங்கல் குவியலுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு. ஒரு பக்கச் சுவர் இடிந்து, தகரம் வைத்து மறைத்திருந்தது. வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் பிலோமினா. மீன் விற்பவர். போன மழைக்குக் கடல் வந்து சுவரைத் தள்ளியது, அடுத்த மழைக்கு என்ன ஆகுமோ தெரியாது, கல்யாணம் ஆகி வந்து ஏறிய வீடு, ஒரு படம்கூட இல்லை என்றார். அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல்தான் சொன்னார்.

நான் கேமராவைத் திருப்பியதும் உடனே எடுக்க விடவில்லை. இரு என்று உள்ளே போய்ச் சேலை மாற்றிவிட்டு வந்தார். செடிச்சட்டிகளை இழுத்து வாசலில் வைத்தார். கதவை அகலத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தகரம் தெரியாமல் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"தகரமும் உள்ளதுதான். தெரியட்டு."

ஊருக்கு வந்து படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அன்றைக்கு எடுத்ததில் அதுதான் படம். மற்றதெல்லாம் வெறும் கடல்.

கமிட்டிக் கூட்டத்தில் எல்லாப் படத்தையும் போட்டுக் காட்டினேன். கொள்ளாம், கொள்ளாம், நல்ல படம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர்கள் ஜூனில் நின்றுவிட்டார்கள். ராஜன் சார் தொண்டையைச் செருமினார்.

"இது காலண்டராக்கும் டீச்சரே. காலம்பற எழும்பி ஆராவது இடிஞ்ச வீட்ட பாப்பாவளா?"

"அந்த வீட்டுக்காரி தினமும் எழும்பி அதத்தான சாரே பாக்கியாவ."

 படத்தில் குறை இல்லை, ஆனால் வேறு கடல் படம் தாருங்கள் என்றார்கள். இதைப் போடுவதானால் பன்னிரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்றேன். பென் டிரைவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.  படியிறங்கும்போது யாராவது பின்னால் கூப்பிடுவார்கள் என்று நினைத்தது உண்மை. கூப்பிடவில்லை.

பனிமலையே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டில் சொன்னார்கள். நான் விடவில்லை. காலண்டர் வராவிட்டால் பன்னிரண்டு படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஜங்ஷனிலேயே கயிறு கட்டித் தொங்கவிடுவது என்று முடிவு செய்தேன். கயிறுகூட வாங்கிவிட்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கேட்டைத் திறந்துகொண்டு ராஜன் சார் வந்தார். உட்காரச் சொன்னேன்.  உட்கார்ந்துகொண்டு மெல்லச் சொன்னார். என் படத்துக்குப் பதிலாக ஒரு சூரிய அஸ்தமனத்தை எடுத்துவிடலாம் என்று அவரே செல்போனோடு பொழியூர் போயிருக்கிறார். கடலைப் பார்த்து நின்றிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்திருக்கிறது...

அதற்கு மேல் அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பிலோமினா அக்கா அவரையும் திரும்ப வைத்திருக்கிறார். வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்திருக்கிறார். உள்ளே உட்கார்ந்தால் அலை அடிக்கிற ஒவ்வொரு தடவையும் தரை அதிருமாம். ராஜன் சார் குடித்து முடித்து, ஒரு படமும் எடுக்காமல் பஸ் ஏறியிருக்கிறார்.

"ஜூனுக்கு உங்களுக்க படந்தான் டீச்சரே," என்றார்.  

காலண்டர் வந்தது. விற்றும் தீர்ந்தது. சில வீடுகளில் மே முடிந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பி நேராக ஜூலைக்குப் போய்விட்டார்களாம். போகட்டும். ஒன்றை ஒளிக்க வேண்டுமென்றால் முதலில் அதைப் பார்த்தாக வேண்டுமே!

அச்சான கையோடு ஒரு பிரதியைப் பொழியூருக்குக் கொண்டுபோனேன். பிலோமினா அக்கா தன் வீட்டை ஒரு நிமிடம் பார்த்தார். செடிச்சட்டி வரிசையாக இருக்கிறதா என்று சரிபார்த்தார், அவ்வளவுதான். பிறகு முதல் தாளிலிருந்து மெதுவாகப் புரட்டினார். பெருங்கடவிளை சந்தையில் நிறுத்தினார். இது எங்கே என்று கேட்டார். சொன்னேன். கடற்கரையும் மீன் விற்கப் போகிற வழியும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை என்றார். படித்துறையில் நிறுத்தினார். அதையும் கேட்டார். ஞாயிறுதோறும் இப்படி நடந்துதான் எடுக்கிறேன் என்றேன். தாளை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அடுத்த ஞாயிறு நானும் வாறேன். பஸ்ஸு எத்தன மணிக்கு உண்டு?"

இந்த மழையில் அந்த வீட்டின் அடுக்களைப் பக்கம் கடலோடு போய்விட்டது. அக்கா இப்போது கரையிலிருந்து உள்ளே தள்ளி, தங்கை வீட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம் என்று கேட்டார்.

வந்தார். காலண்டர் கொடுத்த அடுத்த ஞாயிறு தொடங்கி இன்றுவரை ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. இரண்டு பேரும் நடக்கிறோம். அவர் முன்னால், நான் பின்னால். எந்தச் சந்தில் திரும்புவது, யார் வீட்டில் தண்ணீர் கேட்பது, எதைப் படம் எடுப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. நான் எதையாவது பார்த்துக் கேமராவைத் தூக்கினால், அது கொள்ளாது, வா என்று நடக்கிறார்.

இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளை வரிசையில் நடத்திய டீச்சருக்கு இப்போது பொத்தானை அமுக்குகிற வேலை மட்டும்தான்!